அடுக்கடுக்காகத் துணி

22 அக்டோபர் 2025, புதன்.

இன்றைய பிழை: பத்ரிநாத் யாத்திரைக்கான துணிமணிக் குறிப்பைத் தமிழில் எழுதும்போது ‘லேயர்ஸ்’ என்ற சொல்லுக்கு ‘அடுக்கடுக்காக’ என்று போட்டுவிட்டேன். ‘ஒன்றன்மேல் ஒன்றாக’ என்பது இன்னும் பொருத்தமாக இருந்திருக்கும். குறிப்பு போன வாரமே வாட்ஸ்அப் குழுவில் போய்விட்டது. சிறிய பிழைதான். பொருள் புரியும்.

சாந்தினி பேனாவை மூடிவிட்டுக் கடைசி வரியை மறுபடி படித்தாள். ‘புரியும்’ என்பதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடலாமா என்று யோசித்தாள். போடவில்லை. வகுப்பு முடிகிற நேரம். வெளியே தூறல் பிடித்துக்கொண்டிருந்தது.

உத்திரமேரூரில் அந்த மாலை நேர ஆங்கில வகுப்புக்கு வருகிறவர்கள் எல்லோருமே பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். வகுப்பின் கடைசிப் பத்து நிமிடம் நாட்குறிப்புக்கு. முதலில் தமிழில் எழுத வேண்டும், அதற்குக் கீழே ஆங்கிலத்தில் மாற்ற வேண்டும். மற்றவர்கள் சாப்பிட்டது, பஸ்ஸைத் தவறவிட்டது என்று எதையாவது எழுதி முடித்துவிடுவார்கள். சாந்தினி அன்றன்றைய பிழையிலிருந்து தொடங்குவாள். யாரும் அப்படிச் சொல்லித்தரவில்லை. அவளாகவே வைத்துக்கொண்ட முறை.

பகலில் அவள் பஜார் தெருவில் தணிகைவேல் நடத்தும் யாத்திரை அலுவலகத்தில் இருந்தாள். ஒரு மேசை, ஒரு கணினி, சுவர் முழுக்கக் கோபுரப் படங்கள். காசி, ராமேஸ்வரம், நவக்கிரகம் என்று ஆட்களை அழைத்துப் போவது தணிகைவேலின் தொழில். பத்ரிநாத்துக்கு இதுதான் முதல் தடவை. தீபாவளி முடிந்த சனிக்கிழமை விடியற்காலையில் வேன் கிளம்பும். சென்னையில் ரயில் ஏறி, அங்கிருந்து ஹரித்வார், பிறகு மலை. மலைக்கு மேலே கூட வருவதற்கு அந்தப் பக்கத்து வழிகாட்டி ஒருவரை அமர்த்தியிருந்தார்கள். அவர் ஆங்கிலத்தில் அனுப்பிய சிறு குறிப்பைத்தான் சாந்தினி தமிழாக்கினாள்.

அகராதியைப் பார்த்து, அடித்து அடித்துத் திருத்தி எழுதினாள். ‘உதிர்’ என்பதற்குச் சின்ன ‘ர்’தானா என்று இரண்டு இடத்தில் சரிபார்த்தாள். கடைசியில் குழுவில் போனது இது: ‘மலையில் இப்போது இலையுதிர் காலம். வானிலை மணிக்கு மணி மாறும். எனவே பயணிகள் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ள வசதியாக அடுக்கடுக்காகத் துணி எடுத்து வர வேண்டும்.’

எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை.

*

வியாழக்கிழமை காலை, கடையைத் திறந்து ஊதுபத்தி ஏற்றி வைத்த கொஞ்ச நேரத்தில், சாலவாக்கம் டவுன் பஸ்ஸிலிருந்து ஒரு பெரிய பெட்டியும் அதன் பின்னால் இந்திராணியும் இறங்கினார்கள். பெட்டிக்கு உரச் சாக்கின் பிளாஸ்டிக் உறையைப் போர்த்தியிருந்தாள். அவள் தலையில் முந்தானை மட்டும். நனைந்திருந்தாள்.

இந்திராணி சாலவாக்கத்தில் நிலம் வைத்திருக்கும் குடும்பம். கணவர் இல்லை. மகன் குமரேசன் பயிர் வேலையைப் பார்த்துக்கொண்டான். திருப்பதியைத் தாண்டி அவள் எங்கேயும் போனதில்லை. பத்ரியில் கோயிலுக்குக் கீழேயே வெந்நீர் ஊற்று ஒன்று இருக்கிறது, பனிமலைக்கு நடுவே பூமியிலிருந்து கொதித்துக்கொண்டு வருகிறது என்று சனிக்கிழமை பஜனையில் யாரோ சொன்ன நாளிலிருந்து அவளுக்கு அதே நினைப்பு. பெயர் கொடுக்க முதலில் வந்தவள் அவள்தான்.

“பாப்பா, இந்தப் பொட்டி பெருசா கீதான்னு பாத்துச் சொல்லு. ரயில்ல ஏத்துவாங்களா? நீ அடுக்கடுக்கான்னு எழுதிட்ட. எங்க வூட்டுப் பொட்டி பத்தல. மருமவளோட கல்யாணப் பொட்டியத் தூக்கியாந்துட்டேன்.”

சாந்தினிக்கு முதலில் சிரிப்பு வந்தது. பெட்டியைத் திறந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

உள்ளே பருத்தி வாயில் புடவைகள். வெளுத்துக் கஞ்சி போட்டு, ஒரே அளவில் மடித்து, ஓரம் பிசகாமல் அடுக்கியிருந்தாள். ஒரு வரிசை, அதற்குப் பக்கத்தில் இன்னொரு வரிசை. எல்லாம் மெல்லிசு. கதவுப் பக்கத்து வெளிச்சத்தில் விரித்தால் தெரு தெரியும். புடவைகளுக்கு மேலே பனையோலை விசிறி ஒன்று. வேர்க்குருப் பவுடர் ஒரு டப்பா. மோர் மிளகாய் ஒரு பொட்டலம்.

“பெரிம்மா, ஸ்வெட்டர், கம்பளி ஒண்ணும் வெக்கலியா?”

“வெச்சிருந்தேனே! மலைன்னா குளிரும்னு எனுக்குத் தெரியாதா? கம்பளிய வெயில்ல போட்டு, ஒதறி, மொதல்ல அதத்தான் வெச்சேன். அப்பறம் நீ எழுதினதப் பாத்துட்டு எடுத்துட்டேன்.”

“நான் எழுதினதப் பாத்தா?”

“இலை உதிர்ற காலம்னு போட்டிருந்தியே. அது மாசி, பங்குனி தானே? நம்ம ஏரிக்கர அரசமரம் மொட்டையா நிக்கும், எப்படா வெயிலு ஏறும்னு இருக்கும். இங்க ஐப்பசி மழ ஊத்திக்கினு கீது, அங்க எப்பிடிடா மாசி வந்துச்சின்னு மண்டைய ஒடச்சிக்கினேன். நம்ம குழுவுல வராரே ஏகாம்பரம் அண்ணன், அவருதான் சொன்னாரு, வடக்க எல்லாமே தலகீழாம். வேர்த்துக் கொட்டுமாம். மாத்தி மாத்திக் கட்டணும், அதுக்குத்தான் அடுக்கடுக்கா எடுத்தாரச் சொல்றாங்கன்னாரு. சரியாத்தான் இருந்துச்சி. அதும் இல்லாம, அங்க தண்ணியே கொதிச்சிக்கினு வருதாமே!”

சொல்லிவிட்டு இந்திராணி சிரித்தாள். தான் கண்டுபிடித்ததில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது.

சாந்தினி பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். இலையுதிர் காலம் என்பது அவள் பள்ளிப் பாடத்தில் படித்த சொல். ‘ஆட்டம்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இலையுதிர் காலம், அதோடு சரி. அது எந்த ஊரில், எந்த மாதம் என்று ஒருபோதும் கேட்டுக்கொண்டதில்லை. இந்திராணிக்கோ இலை உதிர்வது என்றால் ஏரிக்கரையில் கண்ணால் பார்த்த விஷயம். ‘அடுக்கடுக்காக’ மட்டும் தவறாக இருந்திருந்தால்கூட யாராவது குழம்பிப் போய்க் கேட்டிருப்பார்கள். இரண்டு தவறும் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து நின்றதால், கேட்பதற்கே இடமில்லாமல் எல்லாம் பொருந்திவிட்டது.

அலைபேசியை எடுத்தாள். யாத்திரைக் குழுவின் சத்தத்தை அவள் அணைத்து வைத்திருந்தாள். ஓயாமல் காலை வணக்கப் படங்கள் வரும் என்பதால் பிரித்துப் பார்ப்பதும் இல்லை. இப்போது ஏகாம்பரத்தின் குரல் பதிவைத் தட்டினாள்.

“எல்லாருக்கும் வணக்கம். வெயிலு ஜாஸ்தியா இருக்குமாம். ஆளுக்கொரு கொட எடுத்துக்குங்க. நான் நன்னாரி சர்பத் பாட்டல் ரெண்டு கொண்ணாரேன், யாரும் கவலப்படாதீங்க.”

அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். ஒருவர் தம் பேரனின் அரைக்கை பனியனைப் படமெடுத்துப் போட்டு ‘இது போதுமா’ என்று கேட்டிருந்தார். ‘தாராளமா’ என்று இன்னொருவர் பதில் சொல்லியிருந்தார்.

இரவில் வாளித் தண்ணீர் உறைந்துபோகும் இடம் அது. வழிகாட்டி தொலைபேசியில் சொல்லியிருந்தார். குறிப்பில் அதைத் தனியாக எழுத வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை.

“இன்னா பாப்பா, ஒரு மாதிரி ஆயிட்ட? பொட்டி பெருசா?”

அப்போதே சொல்லியிருக்கலாம். ‘நான் தப்பா எழுதிட்டேன் பெரிம்மா’ என்று நான்கு சொல். வாய் வரைக்கும் வந்தது. அந்த நேரத்தில் அவளுக்கு நினைவில் வந்தது தணிகைவேல், புதிதாக வருகிற ஆட்களிடம் அவளைக் காட்டிச் சொல்லும் வார்த்தை: “நம்ம பாப்பா இங்கிலீஷ்ல கில்லாடி. அது ஒரு தடவ எழுதினா, எழுதினதுதான்.”

“இல்ல பெரிம்மா,” என்றாள் சாந்தினி. “இப்பத்தான் சேதி வந்துச்சி. மலையில திடீர்னு மாறிடுச்சாம். குளிர் ஏறிடுச்சாம்.”

“இன்னாது?”

“நேத்துலேர்ந்து. வெயிலெல்லாம் போயிடுச்சாம். ஸ்வெட்டரு, கம்பளி எல்லாம் வேணுமாம்.”

இந்திராணி பெட்டியை மூடினாள். மூடும்போது விசிறியின் காம்பு இடுக்கில் மாட்டிக்கொண்டது. அதை உள்ளே தள்ளி மறுபடி மூடினாள். “நான் கெளம்புற நேரம் பாத்தா மாறணும்?” என்றாள். சாந்தினியிடம் கேட்ட மாதிரி இல்லை, சுவரில் மாட்டியிருந்த பெருமாள் படத்திடம் கேட்ட மாதிரி இருந்தது.

அவள் பஸ் ஏறியதும் சாந்தினி குழுவில் எழுதினாள். எழுத்துப்பிழை இல்லாமல் எழுதினாள். ‘முக்கிய அறிவிப்பு. மலையில் வானிலை திடீரென்று மாறிவிட்டதாகத் தகவல் வந்துள்ளது. கடும் குளிர் நிலவுகிறது. அனைவரும் ஸ்வெட்டர், கம்பளி, குரங்குக் குல்லா, காலுறை ஆகியவற்றைக் கட்டாயம் எடுத்து வரவும்.’

உடனே கும்பிடும் கைகள் வந்தன. ‘நேரத்துல சொன்ன தாயி, நல்லா இருப்ப’ என்று ஏகாம்பரம் எழுதினார். பயணச்சீட்டு வேலையாகச் சென்னையில் இருந்த தணிகைவேலே கூப்பிட்டுவிட்டார்.

“பாத்தேன் பாப்பா! மலையில இன்னா நடக்குதுன்னு வெரல் நுனியில வெச்சிக்கினு கீற. எனுக்கே தெரியாது. கில்லாடி!”

“இல்லண்ணா, அது வந்து...”

“லைன்ல நிக்கிறேன் பாப்பா, அப்பறம் பேசலாம்.”

அன்று மாலை வகுப்பில் அவள் நாட்குறிப்பைத் திறந்து தேதி மட்டும் போட்டாள்.

*

வெள்ளிக்கிழமை காலை குமரேசன் கூப்பிட்டான்.

“ம்மா, யாத்ரா ஆபீஸா? சாலவாக்கம் இந்திராணியோட பையன் பேசுறேன். எங்கம்மா வரல. பேர எடுத்துடுங்க.”

“ஏண்ணா?”

“ஏன்னா? நீங்கதானே போட்டீங்க, மல திடீர்னு மாறிப்போச்சின்னு! சொல்லாம கொள்ளாம மாறுற எடத்துக்கு வயசானவங்கள அனுப்ப முடியுமா? ஆரம்பத்துலேர்ந்தே நான் வேணான்னுதான் சொல்லிக்கினு கீறேன். கேக்கல. இப்ப அவங்களே வேணாம்னுட்டாங்க. பெருமாளே வேணாங்குறாராம்.”

அவன் வைத்துவிட்டான். சாந்தினி இந்திராணியின் எண்ணுக்குப் போட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும் போட்டாள். எடுக்கவில்லை.

சென்னையிலிருந்து திரும்பியிருந்த தணிகைவேல் விஷயத்தைக் கேட்டு உதட்டைப் பிதுக்கினார். “சில பேருக்குக் குடுப்பின இல்ல பாப்பா, நாம இன்னா பண்றது? திருப்புலிவனம் வேதகிரி எடம் கேட்டுக்கினு கீறாரு. சாயங்காலம் வரைக்கும் பாரு. வரலன்னா அவரு பேரப் போட்டுடு.”

குடுப்பினை இல்லை. அந்தச் சொல் அவளைக் குத்தியது. மலை மாறவில்லை. அது எப்போதும் இந்த மாதத்தில் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது. குளிர் என்று முதலிலேயே ஒழுங்காக எழுதியிருந்தால் இந்திராணி கம்பளியைப் பெட்டியிலேயே வைத்திருப்பாள், குமரேசன் முணுமுணுத்துக்கொண்டே அனுப்பியிருப்பான். தவறு செய்தது ஒன்று. அதை மறைக்க மலையின்மேல் பழியைப் போட்டது இன்னொன்று. இரண்டாவதுதான் இந்திராணியை வீட்டில் உட்கார வைத்துவிட்டது.

தணிகைவேலிடம் அப்போதே சொல்ல அவள் வாயெடுத்தாள். அவர் வேன் டிரைவரோடு கத்திக்கொண்டிருந்தார். முதலில் சாலவாக்கம் போய்விட்டு வந்து சொல்லலாம் என்று நினைத்தாள். நினைத்தவுடனேயே, இதுவும் ஒரு தள்ளிப்போடல்தானோ என்று சந்தேகம் வந்தது. சந்தேகத்தோடேயே ஸ்கூட்டியின் சாவியை எடுத்தாள்.

*

சாலை ஓரமெல்லாம் நடவு முடிந்த வயல்களில் தண்ணீர் தளும்பி நின்றது. சாலவாக்கத்தில் அவள் வண்டியை நிறுத்தியபோது குமரேசன் வாசல் குழாயடியில் காலில் ஒட்டிய சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தான். அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

“இன்னாம்மா, போன்ல சொன்னது கேக்கலியா? நேர்ல வந்து கூட்டிக்கினு போவப் போறியா?”

“பெரிம்மாவப் பாக்கணும்ண்ணா.”

உள்ளே கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி, மழையில் காயாத துணிகளைப் போட்டிருந்தார்கள். நடுவில் அந்தக் கல்யாணப் பெட்டி வாயைப் பிளந்துகொண்டு காலியாகக் கிடந்தது. இந்திராணி முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மருமகள் மஞ்சுளா அலமாரியில் புடவைகளைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள்.

“வா பாப்பா, ஒக்காரு,” என்றாள் இந்திராணி. குரலில் உயிரில்லை. “போன எடுக்கலன்னு கோவமா? எடுத்தா அழுகை வந்துடும்னு எடுக்கல.”

சாந்தினி உட்காரவில்லை. வழியெல்லாம் வாக்கியங்களைக் கோத்து வைத்திருந்தாள். அவற்றையெல்லாம் விட்டுவிட்டு, “பெரிம்மா, குளிர் அவ்ளோ மோசம் இல்ல. நீங்க வரலாம்,” என்று தொடங்கினாள்.

குமரேசன் துண்டால் முழங்காலைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தான். “போன வாரம் இன்னாவோ எலை உதிருதுன்ன. நேத்து கடுங்குளிருன்ன. இன்னிக்கு மோசம் இல்லன்ற. நாளைக்கு இன்னா, மாம்பழம் பழுத்திருக்குன்னு போடுவியா? மலையா அது, இல்ல டிவி பொட்டியா, நீ நெனச்சா மாத்துறதுக்கு?”

மஞ்சுளா அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு சிரித்தாள்.

“மலை மாறலண்ணா,” என்றாள் சாந்தினி. அவளுடைய குரல் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. “நான் எழுதினதுதான் தப்பு. அங்க இந்த மாசந்தான் இலை உதிரும். பனி விழறதுக்கு முன்னாடி உதிரும். நம்ம ஊரு மாசி இல்ல அது. எப்பவும் இந்த மாசம் குளிருதான் அங்க. அடுக்கடுக்கான்னு நான் எழுதினது, ஒண்ணு மேல ஒண்ணு போட்டுக்கினு, வெயில் வந்தா ஒண்ணொண்ணாக் கழட்டுறதுக்கு. நெறைய எடுத்தாரதுக்கு இல்ல. பெரிம்மா பொட்டியத் தொறந்தப்பத்தான் எனுக்கே தெரிஞ்சிது. அப்பவே சொல்லியிருக்கணும். சொல்லாம, மல மாறிடுச்சின்னு போட்டுட்டேன்.”

மின்விசிறிக் காற்றில் ஈரத் துணிகள் ஆடிக்கொண்டிருந்தன. குமரேசன் துண்டைத் தோளில் போட்டான்.

“அப்ப நேத்து மலையில ஒண்ணுமே மாறல.”

“இல்ல.”

“மாறினது உன் மெசேஜ் மட்டுந்தான்.”

“ஆமாண்ணா.”

“நல்லாப் படிக்க வெச்சாங்க உன்ன,” என்றான் அவன்.

அதை அவள் எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள். இந்திராணி முறத்தைத் தள்ளி வைத்தாள். விரல் நுனியில் ஒட்டிய கீரைத் தழையைத் துடைத்தாள்.

“எழுதினதுல தப்பு வரும், பாப்பா. கைதானே,” என்றாள். “நேத்து நீ என் மூஞ்சிக்கு நேரா சொன்னியே, அது இன்னா? நான் வூட்டுக்கு வந்து வெளக்குகூட ஏத்தல, தெரியுமா? இத்தினி வருசமாக் கும்பிட்டதுக்கு இதான் பலனான்னு பெருமாளக் கண்டபடி திட்டிக்கினு கெடந்தேன். ஒரு பாவமும் அறியாத மனுசன். அவுரு மேல பழியப் போட்டுட்டியே.”

சாந்தினியின் கண்ணில் நீர் திரண்டது. அழுதால் மன்னிப்பைப் பிடுங்குவதுபோல் ஆகிவிடும் என்று தோன்றியதால், ஆடுகிற துணிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“வருவீங்களா பெரிம்மா?” என்று கேட்டாள்.

“குளிரு எம்மாம் இருக்கும்? உண்மையச் சொல்லு.”

“காலையில கைய வெளிய நீட்ட முடியாது. மத்தியானம் வெயில் அடிக்கும், இங்க மார்கழி மத்தியானம் மாதிரி. சாயங்காலம் தூறல் வரும். ராத்திரி தண்ணி ஒறஞ்சிடும். ஒரு நாளு மூச்சூடும் இப்பிடித்தான் மாறும்னு வழிகாட்டி சொல்லியிருக்காரு. துணி சரியா இருந்தா சமாளிக்கலாமாம். முடியலன்னா கீழயே ரூம்ல தங்கிக்கலாம், கட்டாயம் இல்ல. இது எல்லாம் அவரு சொன்னதுதான். நானா ஒண்ணும் சேக்கல.”

இந்திராணி மகனைப் பார்த்தாள். குமரேசன் சுவரைப் பார்த்தான்.

“எனுக்குக் குளிரு பத்திப் பயமில்லடா,” என்றாள் அவள். “மார்கழித் தண்ணியில எறங்கிக் களை எடுக்காத ஒடம்பா இது? வேணாம்னு சொல்றது யாருன்னுதான் பயந்தேன். அது இந்தப் பொண்ணுன்னா, எனுக்கு இன்னா? நான் போறேன்.”

“யம்மா...”

“போறேன்னா போறேன். ஏய் மஞ்சு, அந்தப் பொட்டிய இப்பிடித் தள்ளு.”

மஞ்சுளா பெட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டாள். அவளுக்கு உள்ளூரக் குஷி என்பது முகத்தில் தெரிந்தது. “இது வேணாம் அத்தே, ரொம்பப் பெருசு. என் காலேஜ் பேக் கீது, அது போதும்.”

சாந்தினி தரையில் உட்கார்ந்தாள். முதன்முதலாக அந்த ஆங்கிலக் குறிப்பைச் சொல்லாக இல்லாமல் துணியாக யோசித்தாள். உடம்பை ஒட்டி எது, அதற்கு மேல் எது, எல்லாவற்றுக்கும் மேலே மழைக்கு எது. இந்த வீட்டில் ஸ்வெட்டர் கிடையாது. இருந்தது ஒரு கம்பளி, ஒரு குரங்குக் குல்லா.

“உள்ள பருத்தி. அது மேல முழுக்கை எதனா வேணும்.”

“அவரோட முழுக்கை பனியன் கீது,” என்று மஞ்சுளா குமரேசனைக் கேட்காமலே எடுத்துவந்தாள். “கீழ்ப் பக்கத்துக்கு?”

“பாவாடைக்குள்ள ஒட்டுன மாதிரி எதனா இருந்தா...”

“லெக்கின்ஸ்!” என்று மஞ்சுளா கைதட்டினாள். “அத்தே, உங்களுக்கு என் லெக்கின்ஸ்!”

“அடி போடி! இந்த வயசுல லெக்கின்ஸ் போட்டுக்கினு பெருமாளப் பாக்கவா? வெளிய தெரிஞ்சா ஊரே சிரிக்கும்.”

“பொடவைக்குள்ளதானே அத்தே. பெருமாளுக்கு மட்டுந்தான் தெரியும்.”

“கருமம் புடிச்சவளே,” என்றாள் இந்திராணி. ஆனால் வாங்கி இழுத்துப் பார்த்தாள். “நல்லாத்தான் நீளுது.”

வயலில் நடந்து விரிந்த கால் விரல்களுக்கு மஞ்சுளாவின் காலுறை போதவில்லை. முனையை வெட்டலாமா என்று மஞ்சுளா கேட்டாள். வெட்டினால் குளிர் அங்கேதான் முதலில் ஏறும் என்றாள் சாந்தினி. கடைசியில் குமரேசனின் தொளதொளத்த பழைய காலுறை சரியாக இருந்தது. அடுக்கி வைத்திருந்த வாயில் புடவைகளில் பையில் கொள்கிற அளவுக்கு மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கல்யாணத்துக்குக் கட்டிய பட்டு ஒன்றை இந்திராணியே தேடி எடுத்தாள். பட்டு சூடு காக்கும், சந்நிதிக்கும் ஆகும்.

“மேல மழைக்கும் காத்துக்கும் ஒண்ணு வேணும்,” என்றாள் சாந்தினி. “இல்லன்னா உள்ள எத்தன போட்டாலும் பிரயோசனம் இல்ல.”

மஞ்சுளா கணவனைப் பார்த்தாள். ஆணியில் அவனுடைய வண்டி ஜாக்கெட் தொங்கிக்கொண்டிருந்தது. கறுப்பு, முதுகில் மஞ்சள் பட்டை. போன தீபாவளிக்கு ஆசைப்பட்டு வாங்கியது. குமரேசன் கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியாதவன்போல் இருந்தான். பிறகு போய் அதை எடுத்து, அதன் பையில் இருந்த பெட்ரோல் ரசீது, சில்லறை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, அம்மாவின் மடியில் போட்டான்.

“கிழிச்சிக்கினு வந்தா பாரு.”

இந்திராணி புடவைமேல் அதைப் போட்டு ஜிப்பை இழுத்தாள். மஞ்சுளா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். குமரேசனுக்கும் உதடு ஒரு பக்கம் இழுத்தது. சாந்தினியும் சிரிக்கப் போனாள். அதற்குள் அவன் அவள் பக்கம் திரும்பிவிட்டான்.

“சரி. எங்கம்மாவுக்கு மட்டும் வந்து சொல்லிட்ட. மத்தவங்க?”

“அவங்களுக்கு ஸ்வெட்டர் எடுத்தாரச் சொல்லியாச்சிண்ணா.”

“அது தெரியும். உள்ள இன்னா, மேல இன்னான்னு யாருக்குத் தெரியும்? ஒத்த ஸ்வெட்டரப் போட்டுக்கினு நிப்பாங்க. ஒருத்தரு சர்பத் பாட்டலோட வராரு. ‘திடீர்னு மாறுன குளிரு, நாலு நாள்ல போயிடும்’னு டீக்கடையில சொல்லிக்கினு கீறாரு. நீ பண்ண வேலதானே? உங்க ஓனருக்காவது தெரியுமா?”

“இன்னும் சொல்லல.”

“சொல்லு. எல்லாரு முன்னாடியும் சொல்லு. நாளைக்கு வேன்கிட்ட நான் வருவேன், அம்மாவ ஏத்தி வுட. நீ சொல்லி நான் காதால கேக்கணும். இல்லன்னா அம்மாவ எறக்கிக் கூட்டிக்கினு வந்துடுவேன்.”

“சொல்றேண்ணா.”

கிளம்பும்போது இந்திராணி வாசல் வரை வந்தாள். ஜாக்கெட்டைக் கழற்றாமலே நின்றாள். சாந்தினி “வரேன் பெரிம்மா” என்றாள். “மழ வுட்டுப் போச்சி, பாத்துப் போ” என்று இந்திராணி சொன்னாள். எப்போதும் கடைசியில் ஒட்டிக்கொள்கிற ‘பாப்பா’ அன்றைக்கு வரவில்லை.

*

திரும்பும்போது இருட்டத் தொடங்கிவிட்டது. அலுவலகம் பூட்டியிருந்தது. தணிகைவேலுக்குப் போன் போட்டு, “இந்திராணி பெரிம்மா வராங்கண்ணா, வேதகிரி பேரப் போடாதீங்க” என்றாள். “பேசியே சரி பண்ணிட்டியா? கில்லாடி!” என்றார் அவர்.

“அண்ணா, நாளைக்கு வேன் கெளம்புறதுக்கு முன்னாடி நான் எல்லார்கிட்டயும் ஒரு விசயம் சொல்லணும். உங்ககிட்டயும்தான். நீங்க கோவப்படுவீங்க.”

“ஐயய்ய, இன்னா பாப்பா? இப்பவே சொல்லேன்.”

அவள் சொன்னாள். அந்தப் பக்கம் வேன் டிரைவர் எதற்கோ சிரிப்பது கேட்டது.

“என் பேருல தானே போச்சி அந்த மெசேஜ்,” என்றார் தணிகைவேல். கில்லாடி என்று சொல்லவில்லை. “காலையில வா, பேசிக்கலாம்.” வைத்துவிட்டார்.

வகுப்பு பாதி முடிந்திருந்தது. வழியில் மறுபடி பிடித்த தூறலில் நனைந்த துப்பட்டாவோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். நாட்குறிப்புக்கான பத்து நிமிடம் வந்ததும், வெறும் தேதியோடு நின்ற பக்கத்தைத் தாண்டி அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். பிறகு அது சரியில்லை என்று பட்டது. திரும்பி வந்து, வியாழக்கிழமைத் தேதிக்குக் கீழே எழுதினாள்: ‘பொய் சொன்னேன். ஒருவரிடம் நேராகவும், மற்றவர்களிடம் எழுத்திலும்.’ அதற்குக் கீழே ஆங்கிலத்தில் மாற்றினாள். ஆங்கிலத்திலும் அது சிறிதாகவில்லை.

வெள்ளிக்கிழமைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத நேரமில்லை. விளக்கை அணைக்கத் தொடங்கிவிட்டார்கள். ஒரே பத்தியாக எழுதினாள்:

நாளை விடியற்காலை நான்கரைக்குப் பேருந்து நிலையத்துக்குப் போக வேண்டும். வேன் கிளம்பும் முன், எல்லோரும் இருக்கும்போது, மலை மாறவில்லை, நான் எழுதியதுதான் தவறு, அதை மறைத்ததும் நான்தான் என்று சொல்ல வேண்டும். பிறகு ஒவ்வொருவர் பையையும் திறந்து, உள்ளே எது, மேலே எது என்று எடுத்து வைத்துக் காட்ட வேண்டும். மேலே போட ஒன்றும் இல்லாதவர்களுக்கு ஹரித்வாரில் வாங்கித் தரும்படி வழிகாட்டியிடம் போனில் பேச வேண்டும்.